மெத்தைப் பாய் கேட்ட வீடு

மழலைக் கூடல் வாரியத்தின் அலுவலகத்துக்குள் குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது. வாசலிலேயே, பொக்கை வாய் திறந்து சிரிக்கும் ஒரு குழந்தையின் பெரிய படத்துக்குக் கீழே இது எழுதப்பட்டிருக்கிறது. தக்காளியம்மா அதைப் படித்தாள். இடுப்பில் இருந்த தன் குழந்தையைப் பார்த்தாள். பிறகு காவலாளியைப் பார்த்தாள்.

“படத்துல ஒரு குழந்தை இருக்குதே?”

“அது அழாதும்மா,” என்றார் காவலாளி.

இடுப்பில் இருந்தது அழும். அழும்போது முகம் சிவந்து உருண்டுவிடும் என்பதால் வீட்டில் அதற்குத் தக்காளி என்று பெயர். அந்தப் பெயர் தாய்க்கும் தொற்றிக்கொண்டு, அவளுடைய சொந்தப் பெயரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். தாய் நின்றால் தக்காளி அழுவாள். உட்கார்ந்தால் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்படி அழுவாள். யாராவது தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தால் மட்டும் உலகத்தை மன்னிப்பாள். குழந்தை பிறந்ததிலிருந்து தக்காளியம்மா உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

எனவே அவள் ஒரு நடுவழி கண்டுபிடித்தாள். வலது காலை அலுவலகத்துக்குள்ளும் இடது காலை வராந்தாவிலும் ஊன்றி, குழந்தை வெளியே இருக்கும்படி வாசற்படியில் நின்றுகொண்டாள். ஆனால் ஆடாமல் நிற்க முடியாதே. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தக்காளி ஒரு கணம் அலுவலகத்துக்குள் வந்து மறுபடி வெளியே போனாள்.

“குழந்தை உள்ள வருது,” என்றார் கதவை ஒட்டிய மேசையில் இருந்த மேற்பார்வையாளர். தக்காளியம்மாவின் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“போயிருச்சு மேடம்.”

“திரும்ப வருது.”

“அதுவும் போயிரும்.”

மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டு ஒரு கோப்பைத் திறந்தார். “என்ன வேணும்?”

“மெத்தைப் பாய். வீட்டுல குழந்தைகளைச் சேர்த்து விளையாட விடுறவங்களுக்கு இலவசமாக் குடுக்கறதா கிளினிக்ல ஒட்டியிருந்தீங்க. எங்க வீட்டுத் தரை ஜில்லுன்னு இருக்கும்.”

“கூடலோட பேரு?”

“பேரெல்லாம் இல்ல. புதன்கிழமைன்னு சொல்லுவோம்.”

“நோக்கம்?”

தக்காளியம்மா யோசித்தாள். “எங்கயாவது இருக்கணும்ல மேடம்?”

மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டே வாசித்தார்: “தாய்மார்களின் சமூக ஒருங்கிணைவு வழியே மழலையரின் முழுமையான வளர்ச்சி. சரிதானே?”

“பாய் எப்ப வரும்?”

“பதிவாகியிருக்கு. ஆள் வருவாங்க.”

இந்த வாக்கியத்தைத் தக்காளியம்மா நன்றாக அறிவாள். பிரசவ விடுப்புக்கு முன்பு வரை மின்சார அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் எடுப்பதுதான் அவள் வேலை. ‘பதிவாகியிருக்கு, ஆள் வருவாங்க’ என்று நாள் முழுவதும் அவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு அர்த்தம், ஆள் இன்னும் கிளம்பவில்லை என்பது. இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்பது அதுதான் முதல் முறை. ஆனால் அவள் நினைத்தது தவறு. இந்த முறை ஆள் உண்மையாகவே வந்தார்கள்.

புதன்கிழமை தொடங்கியது பாயால் அல்ல, லிஃப்டால்.

அவர்கள் குடியிருந்தது பழைய சரக்குக் கிடங்கை வீடுகளாக மாற்றிய கட்டடம். லிஃப்ட் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு பீரோவைப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம். உள்ளே இருப்பவர்கள் அழுத்தும் பட்டனைத்தான் அது முதலில் மதிக்கும். வெளியே இருப்பவர்கள் விடாமல் அழுத்திப் பிடித்தால் போனால் போகிறதென்று நிற்கும். நிற்கும்போது ஒரு ‘டக்’ கேட்கும். தக்காளியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள மற்ற லிஃப்டுகளோடு இதையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் லிஃப்ட் எங்கும் நிற்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது என்று ஐந்தாம் மாடிக்காரர் கத்தினார். மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தால், உள்ளே மூன்றாம் மாடிக்காரி. கலைந்த தலை, தோளில் பால் கறை, கையில் குழந்தை.

“எந்த மாடியில இறங்கணும்மா?”

“தெரியலைங்க,” என்றாள் அவள். “வீட்டுல ரொம்ப அமைதியா இருக்கு. இவன் என்னையே பாத்துட்டு இருக்கான்.”

அவள் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். குழந்தை முடியில்லாத தலையும் சிரிக்காத முகமுமாக, வழக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை ஒத்திவைத்தவன் மாதிரி பார்ப்பான். பின்னாளில் அவனுக்கு நீதிபதி என்று பெயர் வந்தது.

மெக்கானிக் அவளைத் தன் வீட்டு வாசலுக்கு, இரண்டாம் மாடிக்கு, அழைத்து வந்தார். “ஏம்மா, லிஃப்ட்ல பழுது ஒண்ணுமில்ல. இவங்களுக்கு ஒரு டீ போட்டுக் குடு.”

மூன்றாம் மாடிக்காரி பாதி டீ குடித்தாள். மீதி பாதிக்குள் சோபாவில் தூங்கிப்போனாள். தக்காளியம்மா இடுப்புக்கு ஒரு குழந்தையாக இரண்டையும் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். நடந்துகொண்டே ஒன்றைக் கவனித்தாள்: வேறொரு மனிதர் வீட்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் நடப்பது அவ்வளவு வலிக்கவில்லை.

அது ஒரு புதன்கிழமை. அடுத்த புதனும் மூன்றாம் மாடிக்காரி வந்தாள். பிறகு நாலாம் மாடி நீச்சல் டீச்சர் இரட்டைப் பிள்ளைகளோடு வந்தார். எது எந்தப் பிள்ளை என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்ததால் ‘இவன்’, ‘அவன்’ என்று அழைத்தார். எதிர் வீட்டு மருந்துக்கடை அக்கா வந்தார். மற்றவர்களுக்கு மருந்து சொல்லியே பழகியவர், தன் குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால் பதறிப்போவார். அங்கே நடந்தது என்ன என்று எழுதினால் அரைப் பக்கம் தேறாது. யாரோ குளித்துவிட்டு வருவார், அதுவரை அவர் பிள்ளையை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். யாரோ அழுவார், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாம் மாடிக்காரி தூங்குவாள். வாரத்தில் மீதி நாட்களை அவள் எப்படித் தள்ளினாள் என்பது தெரியாது. ஆனால் லிஃப்ட் ஒழுங்காக ஓடியது.

குழந்தைகள் குப்புற விழத் தொடங்கியபோது தரையின் குளிர் பிரச்சினையானது. சுவரொட்டியைப் பற்றிச் சொன்னவர் மருந்துக்கடை அக்காதான். மெக்கானிக் மட்டும் தடுத்துப் பார்த்தார். “வேணாம்மா. நல்லா ஓடுற லிஃப்ட எதுக்குத் திறந்து பாக்கறே?”

“பாய்தானே கேக்கறேன். லிஃப்டா கேக்கறேன்?”

அவள் வாரியத்துக்குப் போய்வந்த அடுத்த புதனன்று ஆய்வுக் குழு வந்தது. மேற்பார்வையாளர், அவரோடு ஒரு பயிற்றுநர். பயிற்றுநருக்கு மீசை இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. தோளில் ஒரு பெரிய பை. அவர் ஹாலை நீளவாட்டில் அளந்தார், அகலவாட்டில் அளந்தார், பிறகு குழந்தைகள் உயரமாக வளரக்கூடும் என்பதால் கூரை வரை அளந்தார்.

“ஒவ்வொரு குழந்தைக்கும் தகுதியுள்ள ஒரு பெரியவர் இருக்கணும்,” என்றார் மேற்பார்வையாளர். “இந்தக் குழந்தைக்கு நீங்க யாரு?”

“அம்மா,” என்றாள் தக்காளியம்மா, ஆடிக்கொண்டே.

“அது உறவு. நான் தகுதியைக் கேட்டேன்.”

தக்காளியம்மா மற்றவர்களைப் பார்த்தாள். அவர்களும் தங்கள் தகுதியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நீச்சல் டீச்சர் மட்டும், “ரெட்டைப் பிள்ளை மேடம், ரெண்டையும் ஒரே நேரத்துல தூக்குவேன்,” என்றார்.

“சான்றிதழ் இருக்கா?”

“முதுகுவலி இருக்கு.”

பயிற்றுநர் சோபாவின் பக்கம் போய் நின்றார். “மேடம், இங்க ஒருத்தர் படுத்திருக்காங்க.”

“தூங்கறாங்க தம்பி. எழுப்பாதீங்க,” என்றார் மருந்துக்கடை அக்கா.

“எந்தச் செயல்பாட்டின் கீழ தூங்கறாங்க?”

பதில் இல்லாததால் அந்தச் செயல்பாடு நிறுத்தப்பட்டது. மூன்றாம் மாடிக்காரி எழுப்பப்பட்டு, ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டாள். சோபாவின் குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டினார்கள். ‘செயல்பாட்டுக்கு உட்படாத பரப்பு’ என்று அதில் அச்சடித்திருந்தது. இந்தத் தேவை அடிக்கடி வரும் போலிருக்கிறது. சுருள் பாதி தீர்ந்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் தக்காளியம்மா ஒன்றைப் பார்த்தாள். மேற்பார்வையாளர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு கால் மாற்றி இன்னொரு கால் ஊன்றி மெல்ல ஆடினார். வலது கை கோப்பின் முதுகை, ஒரே சீராக, தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பாய்க்கு முன்பு பயிற்சி என்று முடிவானது. புதன்கிழமை, அதே நேரம், அதே ஹால். வாரிய அலுவலகத்தில் இடமிருந்தும் அங்கே தாய்மார்கள் குழந்தைகளை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும் என்பதால் வாரியம் பெருந்தன்மையோடு வீட்டுக்கே வந்தது. குழந்தைகள் ஹாலில் இருந்தால் பயிற்சி கெடும் என்பதால் அவர்களைச் சமையலறையில் வைக்கச் சொன்னார்கள்.

அப்படியாக, சமையலறையில் ஒருவர் மாற்றி ஒருவர் உண்மையான குழந்தைகளை மொத்தமாகப் பார்த்துக்கொள்ள, ஹாலில் மற்றவர்கள் பயிற்றுநரின் பையிலிருந்து வந்த பொம்மைகளை வளர்த்தார்கள். பொம்மையின் கழுத்தைத் தாங்காமல் தூக்கினால் அது ‘பீப்’ என்றது.

“அக்கா, கழுத்து, கழுத்து!” என்று பயிற்றுநர் பதறுவார்.

“தம்பி, இது ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கும்?” என்று மருந்துக்கடை அக்கா கேட்டார்.

“அது அடுத்த கட்டப் பயிற்சியில வரும்க்கா.”

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“அதுக்கும் அடுத்த கட்டம்.”

நீச்சல் டீச்சர் பழக்கதோஷத்தில் பொம்மையை வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து மிதக்கவிட்டார். அது வீடு அதிரக் கூவியது. சமையலறையிலிருந்து ‘இவன்’ பதிலுக்குக் கூவினான், ‘அவன்’ சேர்ந்துகொண்டான். பயிற்றுநர் கதவைச் சாத்தி, “வெளிச் சத்தம் இடைஞ்சலா இருக்கு,” என்றார்.

மூன்றாம் மாடிக்காரியின் முறை வந்தது. பொம்மையை மடியில் வைத்துக் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். அவள் பார்த்தாள். பொம்மை இமைக்காமல் பார்த்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கண் தொடர்பு போதாதே,” என்றார் பயிற்றுநர் வருத்தத்தோடு. கெட்ட மனிதர் அல்ல. “அடுத்த வாரம் திரும்பச் செஞ்சு பாக்கலாம்க்கா.”

மூன்றாம் மாடிக்காரி பொம்மையை மெதுவாகக் கீழே வைத்தாள். “இதுவும் என்னையே பாக்குதுக்கா,” என்று தக்காளியம்மாவின் காதில் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் நீதிபதியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த புதன் அவள் வரவில்லை. தக்காளியம்மா படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே பகலிலும் திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது.

“ஏன் வரலை?”

“நான்தான் தேறலையேக்கா.”

“அட, அது கிடக்குது. நீ வா, டீ போடறேன்.”

“தகுதி இல்லாம எப்படிக்கா வர்றது?” அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தக்காளியம்மாவை உலுக்கியது. கதவு மூடிக்கொண்டது. மறுபக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை, குழந்தைச் சத்தம்கூட.

தக்காளியம்மா அன்றே வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

“மேடம், எங்களுக்குப் பாய் வேணாம். தரை ஜில்லுன்னே இருந்துட்டுப் போகட்டும்.”

மறுமுனையில் மேற்பார்வையாளர் பக்கங்களைப் புரட்டினார். “பாய் வேணாம்னா பாயைத் திருப்பிக் குடுக்கணும்.”

“பாய் இன்னும் வரலையே.”

“வந்ததும் குடுங்க. அதுக்கு முதல்ல நீங்க பாய் வாங்கத் தகுதி பெறணும்.”

“இங்க ஒரு பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கு மேடம். எனக்குப் பயமா இருக்கு.”

எதிர்முனையில் பக்கம் புரட்டும் சத்தம் நின்றது. பிறகு பழகிய குரல் திரும்பி வந்தது. “பதிவாகியிருக்கு.”

இரவு சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடும்போது அவள் கணவனிடம் சொன்னாள்: “ஏங்க, நான் இத்தனை வருஷம் இப்படித்தான் பேசியிருக்கேனா?”

“நீ கொஞ்சம் மரியாதையாப் பேசுவே,” என்றார் மெக்கானிக்.

தொடக்க விழாவுக்கு வாரிய இயக்குநரே வருவதாகத் தகவல் வந்தது. கூடல் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தாலும் வாரியத்தின் கணக்கில் அது அன்றுதான் தொடங்குகிறது. பாயும் அன்றுதான் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், ரிப்பன் கட்டி, சுருட்டியபடி. அதை விரிக்கக் கூடாது, அது மாதிரிப் பாய், விழா முடிந்ததும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பயிற்றுநர் விளக்கினார். ஹாலில் குழந்தைகள் இருக்க வேண்டிய இடத்தில் பொம்மைகள் அரைவட்டமாக உட்காரவைக்கப்பட்டன. வந்திருந்த வாரிய உறுப்பினர்கள் நாற்காலிகளில் அமர்ந்தார்கள். ஒருவருக்கு இடமில்லை. சோபாவைப் பார்த்தார், நாடாவைப் படித்தார், நின்றுகொண்டார்.

தாய்மார்களும் குழந்தைகளும் சமையலறையில், அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் நெருக்கியடித்து நின்றார்கள். தக்காளியம்மா ஆட இடமில்லாமல் நுனிக்காலில் எம்பி எம்பி இறங்கினாள்.

இயக்குநர் உயரமானவர். குரல் அதைவிட உயரம்.

“நண்பர்களே! நான் இந்தப் பொறுப்புக்கு வந்தபோது நமது கூடல்களில் நிலைமை என்ன? குழந்தைகள் விழுந்தன. குழந்தைகள் அழுதன. ஒன்றையொன்று கடித்தன. தாய்மார்கள், எந்தச் சான்றிதழும் இல்லாமல், ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லிக்கொண்டார்கள். இன்று நிலைமை என்ன? சென்ற ஆண்டு முழுவதும் நமது கூடல்கள் எதிலும் ஒரு குழந்தை விழவில்லை. ஒரு குழந்தை அழவில்லை. எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்கிறார்கள். அடக்கத்தோடு சொல்கிறேன். சேர்க்கையில் கவனமாக இருந்தோம். ஒரு குழந்தையைக்கூடச் சேர்க்கவில்லை.”

கைதட்டல். சமையலறையில் மருந்துக்கடை அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“தாய்மார்கள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் சமையலறையில் பத்திரமாக இருக்கிறார்கள்.”

அப்போதுதான் தக்காளியம்மாவுக்கு அது கேட்டது. ஹாலின் பின்சுவருக்கு அப்பால்தான் லிஃப்ட் ஓடியது. இரும்புக் கயிற்றின் முனகல் கீழேயிருந்து மேலே போனது. ‘டக்’ இல்லை. மேலேயிருந்து கீழே வந்தது. ‘டக்’ இல்லை. மறுபடி மேலே.

கைபேசி அடித்தது. கணவன். “ஏம்மா, நம்ம லிஃப்ட் நிக்காம ஓடுதுன்னு அஞ்சாம் மாடிக்காரர் கத்தறார். நான் வேற கட்டடத்துல கயித்துல தொங்கிட்டு இருக்கேன். நீ போய்ப் பட்டனை அழுத்திப் பிடி. விடாமப் பிடி, அப்பத்தான் மதிக்கும்.”

“குழந்தை என்பது என்ன?” என்று ஹாலில் இயக்குநர் கேட்டார். “அது ஒரு பருவம். கடந்துபோகும். வாரியம் கடந்துபோகாது. ஆகவே யாருக்காக உழைக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை…”

சமையலறைக் கதவு திறந்தது. தக்காளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தக்காளியம்மா ஹாலைக் குறுக்கே கடந்தாள். ஒரு பொம்மை காலில் இடறிப் ‘பீப்’ என்றது.

“இதோ, பயனாளி!” என்றார் இயக்குநர், கையை நீட்டி. “நம்மை வரவேற்க ஓடி வருகிறார்.”

பயனாளி அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போனாள். பின்னாலேயே மருந்துக்கடை அக்கா குழந்தையோடு. அதன் பின்னால் நீச்சல் டீச்சர், கைக்கு ஒன்றாக ‘இவனும்’ ‘அவனும்’.

இயக்குநர் மேற்பார்வையாளரின் பக்கம் குனிந்தார். “கூட்டிட்டு வாங்க. போட்டோ எடுக்கணும்.”

தக்காளியம்மா பட்டனை அழுத்திப் பிடித்தாள். லிஃப்ட் மேலே போனது, கீழே போனது. விரல் நுனி வெளுத்தது. தக்காளி சிணுங்க ஆரம்பித்தாள். பிறகு, வேண்டாவெறுப்பாக, ‘டக்’.

கதவு திறந்தது. மூன்றாம் மாடிக்காரி ஒரு மூலையில் சாய்ந்து நின்றிருந்தாள். நீதிபதி அவள் தோளுக்கு மேலாக எல்லோரையும் பார்த்தான்.

“எங்கக்கா போறீங்க?” என்றாள் அவள்.

“எங்கயும் இல்ல. நீ?”

“நானும் எங்கயும் இல்ல.”

“அப்ப சரியான லிஃப்ட்லதான் ஏறறோம், நகரு,” என்றார் மருந்துக்கடை அக்கா.

எல்லோரும் ஏறினார்கள். கதவு மூடப்போன நேரத்தில் மேற்பார்வையாளர் ஓடிவந்து உள்ளே நுழைந்தார். மார்பில் கோப்பு, அக்குளில் மாதிரிப் பாய்.

“அளவு சரிபாக்கணும்னு சொல்லிட்டுத் தூக்கிட்டு வந்துட்டேன்,” என்றார் மூச்சிரைக்க. ஏன் அப்படிச் செய்தார் என்பது அவருக்கே புரியாதது போலிருந்தது.

நீச்சல் டீச்சர் மேல்மாடிப் பட்டனை முழங்கையால் அழுத்தினார். மருந்துக்கடை அக்கா ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்து, உறையைக் கிழித்து, பாயை உதறினார். லிஃப்டின் தரைக்கு அது வெட்டித் தைத்தது போல உட்கார்ந்தது. குழந்தைகளை அதில் இறக்கினார்கள். மூன்றாம் மாடிக்காரி சுவரோடு சறுக்கி உட்கார்ந்தாள். தக்காளியம்மா ஒரு முழங்காலை மடித்தாள், பயந்து பயந்து இன்னொன்றை மடித்தாள், உட்கார்ந்தாள். தக்காளி அழவில்லை. லிஃப்ட் போய்க்கொண்டிருந்தது.

“அடியே,” என்றாள் தக்காளியம்மா குழந்தையிடம், நம்ப முடியாமல். “இதுதான் வேணும்னு முதல்லயே சொல்லக்கூடாதா?”

மேற்பார்வையாளர் மட்டும் நின்றிருந்தார். கோப்பை அணைத்தபடி, ஒரு கால் மாற்றி ஒரு கால், தட்டிக்கொடுத்தபடி.

“மேடம், கோப்பு தூங்கிருச்சு. போதும்,” என்றார் மருந்துக்கடை அக்கா.

மேற்பார்வையாளர் தன் கையைக் குனிந்து பார்த்தார். கை நின்றது.

“எத்தனை மாசம்?” என்றார் நீச்சல் டீச்சர்.

“நாலு. மாமியார்கிட்ட விட்டுட்டு வர்றேன்.”

“ஆபீசுக்குக் கொண்டுவர முடியாதா?”

“குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது,” என்று தொடங்கிய மேற்பார்வையாளர் நிறுத்தினார். “அந்த போர்டை எழுதினதே நான்தான். கல்யாணத்துக்கு முன்னாடி.”

‘அவன்’ அழத் தொடங்கினான். மேற்பார்வையாளர் சட்டென்று கோப்பால் மார்பை மறைத்துக்கொண்டார். ஏனென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எந்தக் குழந்தை அழுதாலும் உடம்பு தன் குழந்தை என்றே நினைத்துப் பாலைச் சுரந்துவிடும், உடுப்பு நனைந்துவிடும். இதற்கும் சான்றிதழ் கிடையாது. தக்காளியம்மா தன் சால்வையை எடுத்து நீட்டினாள்.

“கோப்பை வச்சுட்டு உக்காருங்க மேடம். ‘அவனைப்’ பிடிங்க. ஆட்டிக்கிட்டே இருக்கணும்.”

“தெரியும்,” என்றார் மேற்பார்வையாளர்.

லிஃப்ட் மேலே போனது, கீழே வந்தது. மேற்பார்வையாளர் குழந்தையைத் தட்டிக்கொண்டே, மெதுவாக, சொல் சொல்லாக, ஓர் அறிக்கையைக் கட்டினார்.

“‘கூடல் நடைபெறும் இடம் இடைவிடாமல் மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருப்பதால், அதனை ஆய்வுக்கு உட்படுத்த இயலவில்லை. ஆகவே கோப்பை முடித்துவைக்கலாம்.’ இப்படி எழுதினா சார் கையெழுத்துப் போட்டுடுவார்.”

“படிச்சா?”

“படிச்சதே இல்ல.”

‘டக்.’ இரண்டாம் மாடி. கதவு திறந்தது. வெளியே இயக்குநர். அவர் பக்கத்தில் பயிற்றுநர், தோளில் பொம்மைப் பை, ஒரு விரல் பட்டனில். பின்னால் உறுப்பினர்கள். இயக்குநர் கீழே பார்த்தார். மாதிரிப் பாய் விரிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் குழந்தைகள் இருந்தன. ஒன்று அழுதது. ஒன்று இன்னொன்றின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது. தாய்மார்கள் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“இங்கே என்ன நடக்கிறது?”

“கூடல் சார்,” என்றார் மேற்பார்வையாளர், எழுந்திருக்காமல்.

நீதிபதி இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் பார்வையை விலக்கிக்கொண்டு, ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார். லிஃப்ட் ‘பீஈஈப்’ என்றது. காலை எடுத்தார், நின்றது. மறுபடி வைத்தார், மறுபடி கூவியது.

“எடை மிஞ்சுது சார்,” என்றாள் தக்காளியம்மா, தொலைபேசிக் குரலில், மரியாதையாக. “குழந்தைங்களை இறக்க முடியாது. நீங்க படியில போங்க.”

“சார், பொம்மையை மட்டும் அனுப்பிரலாமா?” என்று கேட்டார் பயிற்றுநர்.

“ரெண்டு மாடிதானே தம்பி, உடம்புக்கு நல்லது,” என்றார் நீச்சல் டீச்சர்.

கதவு மூடியது. வாரியம் படியிறங்கியது. பையில் பொம்மைகளின் கழுத்தை யாரும் தாங்கவில்லை. படிக்கட்டு நெடுக, ஒவ்வொரு படிக்கும், ‘பீப்’, ‘பீப்’ என்று அந்தச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது.

லிஃப்ட் ஐந்தாம் மாடியில் போய் நின்றது. வெளியே ஐந்தாம் மாடிக்காரர் பையோடு நின்றிருந்தார். உள்ளே பார்த்தார்.

“இது என்ன லிஃப்டா, வீடா?”

“ஏறுங்க அண்ணே. செருப்பை வெளிய விட்ருங்க,” என்றார் மருந்துக்கடை அக்கா.

அவர் படிக்கட்டைப் பார்த்து நடந்தார்.

கதவு மூடிக்கொண்டது. யாரும் பட்டனை அழுத்தவில்லை. லிஃப்ட் அசையாமல் நின்றதும் தக்காளியின் உதடு பிதுங்கியது. முகம் சிவந்தது. தக்காளியம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். மடியில் ஒன்று, தோளில் ஒன்று. எல்லோர் கையிலும் யாராவது இருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரியின் ஒரு கை மட்டும் காலியாக இருந்தது.

“அவங்கல்லாம் போயிட்டாங்களாக்கா?”

“போயிட்டாங்க.”

“சோபாவுல ஒட்டினது?”

“பிச்சுப் போட்ருவோம்.”

அவள் பட்டன்களை ஏறிட்டுப் பார்த்தாள். எல்லா மாடியும் அவற்றில் வரிசையாக இருந்தது. உட்கார்ந்தபடியே எக்கி, கையை நீட்டி, இரண்டாம் எண்ணை அழுத்தினாள்.

கயிறு முனகியது. தக்காளி வாயை மூடிக்கொண்டாள். நாலாம் மாடி போனது. மூன்றாம் மாடி போனது.

டக்.